கற்றாழை நாரும் கின்னரர் கைகளும்

கண்டி என்ற பெயரைக் கேட்டதும் நம் மாணவர் மனத்தில் எழுவன தலதா மாளிகையும், எசல பெரஹரவும், பேராதனைப் பூங்காவும், தேயிலை மலையுமே. நகரிலிருந்து கிழக்கே சென்று, தென்னக்கும்புரையில் மகாவலி கங்கையைக் கடந்து, குண்டசாலை, திகன வழியாகச் செல்வோர் வேறொரு நிலத்தைக் காண்பர். மலைகள் மழையை மறித்துக்கொள்வதால் வறட்சி மிகுந்த தும்பறைப் பள்ளத்தாக்கு அது. அங்கே கற்பாங்கான சரிவுகளிலும் காணி எல்லைகளிலும், வாள்களை வட்டமாக நட்டு வைத்தாற்போல் ஒரு செடி நிற்கக் காணலாம். சிங்கள மக்கள் அதனை 'ஹண' என்பர். நாம் ஆனைக்கற்றாழை என்றும், நார்க்கற்றாழை என்றும், புகையிரதப் பாதை ஓரங்களில் வேலியாக வளர்க்கப்பட்ட காரணத்தால் இரயில் கற்றாழை என்றும் வழங்குகிறோம்.

முள்ளுக்கு அஞ்சி விலகி நடப்பதன்றி இச்செடியை நின்று நோக்குவோர் சிலரே. ஆயினும் இதன் நாரைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் சென்றால், கண்டி அரசின் சமுதாய அமைப்பையும், பெருந்தோட்ட முதலாளித்துவத்தின் உலகளாவிய போக்கையும், இன்று நம் கண்முன்னே நடைபெறும் ஒரு போராட்டத்தையும் நாம் கண்டறிய இயலும். அம்முயற்சியே இக்கட்டுரை.

செடியின் வாழ்வு

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். மருந்துக்கும் கூந்தலுக்கும் நாம் பயன்படுத்தும் சோற்றுக்கற்றாழை வேறு, ஆனைக்கற்றாழை வேறு. முன்னது பழைய உலகத்துச் செடி. ஆண்டுதோறும் பூக்க வல்லது. பின்னதோ அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. மெக்சிக்கோவே அதன் தாயகம். கொலம்பசின் பயணத்துக்குப் பின்னரே அது கடல் கடந்தது. 1753ஆம் ஆண்டு லின்னேயஸ் அதற்கு 'அகாவே' எனப் பெயரிட்டார். 'மேன்மை வாய்ந்தது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. இலங்கையில் ஹண என்ற ஒரே பெயர் அகாவே இனங்களையும், அவற்றின் நெருங்கிய உறவாகிய 'மொரீசியஸ் சணல்' செடியையும் சேர்த்தே குறிக்கின்றது. மக்கள் நாரைக் கொண்டு பெயரிட்டனர். பூவைக் கொண்டு வகுப்பது தாவரவியலாரின் வழக்கம்.

இச்செடி வறட்சியை வெல்லும் முறை வியப்புக்குரியது. பிற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உட்கொள்ளும்போது நீரை இழக்கின்றன. கற்றாழையோ பகலில் துளைகளை மூடி, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவைச் சேமித்து, மறுநாள் வெயிலில் அதனை உணவாக்குகின்றது. தடித்த மடல்களில் நீரும் மாச்சத்தும் ஆண்டுக்காண்டு சேர்கின்றன. ஐரோப்பியர் இதனை 'நூற்றாண்டுச் செடி' என்றனர். குளிர்நாட்டுக் கண்ணாடி மனைகளில் இது பூக்க நெடுங்காலம் எடுத்ததைக் கண்டு நூறாண்டுக்கு ஒருமுறை பூப்பதாகக் கற்பித்துக்கொண்ட பெயர் அது. உண்மையில் ஆனைக்கற்றாழை ஏறத்தாழ 10 முதல் 30 ஆண்டுகளில் பூத்துவிடும்.

அந்தக் காலம் வந்ததும் மடல்களின் நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்புகின்றது. சில வாரங்களுக்குள் அது 6 முதல் 9 மீற்றர் உயரம்வரை எழுந்து, கிளை விரித்து, மஞ்சள் நிறப் பூக்கொத்துகளை ஏந்தி நிற்கின்றது. தாயகத்தில் வௌவால்கள் இரவில் வந்து அதன் தேனை உண்டு மகரந்தத்தைப் பரப்புகின்றன. ஆண்டாண்டாகச் சேர்த்த செல்வம் முழுவதும் அத்தண்டினுள் ஏறிவிடுவதால் மடல்கள் சுருங்கிக் கருகுகின்றன. பூத்த குருத்து மடிகின்றது. அடியிலிருந்து முன்னரே கிளைத்த பக்கக் கன்றுகள் வாழ்கின்றன. நாருக்காகப் பயிரிடப்படும் சிசால் கற்றாழையோ வித்துத் தருவது அரிது. அதன் பூந்தண்டிலேயே ஆயிரக்கணக்கான சிறு கன்றுகள் முளைத்து, காற்றில் உதிர்ந்து, வீழ்ந்த இடத்தில் வேரூன்றுகின்றன.

ஒரே முறை பூத்து மாயும் இயல்பு கற்றாழைக்கு மட்டும் உரியதன்று. பேராதனைப் பூங்காவில் நிற்கும் தாளிப்பனையும் பல பத்தாண்டுகள் வளர்ந்து, உச்சியில் பெரும் பூங்குலை விரித்து, காய்த்தபின் மடிகின்றது. ஏடாகவும், குடையாகவும், படைவீரரின் கூடாரமாகவும் கண்டி நாட்டார் கொண்டாடிய ஓலை அதனுடையது.

பிறர்க்காகத் தன்னை மாய்த்துக்கொள்ளும் தியாகச் சின்னமாக இச்செடியைக் காட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. வகுப்பறையில் இவ்வுவமை எளிதில் நாவுக்கு வரும். ஆயினும் அது பிழையானது மட்டுமன்றித் தீங்கானதும் ஆகும். செடி தியாகம் செய்வதில்லை. தன் இனம் பெருகும் வழியை இயற்கைத் தேர்வினால் அவ்வாறு அமைத்துக்கொண்டுள்ளது. உழைப்பவன் தேய்ந்து மாய்வதே அழகு என்ற போதனைக்கு இயற்கையைச் சாட்சியாக அழைப்பவர்கள் எந்த வர்க்கத்தின் நலனைப் பேணுகிறார்கள் என்பதை ஆசிரியர்களாகிய நாம் சிந்தித்தல் வேண்டும்.

மரலும் நியந்தவும்

அமெரிக்கக் கற்றாழை வருவதற்கு முன்பே நம் நாடுகளில் நார் இருந்தது. தமிழர் மரல் என்றும் மருள் என்றும் வழங்கிய செடி சங்க நூல்களில் இடம்பெறுகின்றது. வீழ்ந்த வீரனுக்கு நட்ட கல்லின்மேல், மரலைக் கிழித்துத் தொடுத்த செம்பூங்கண்ணி சூட்டப்பட்ட செய்தியைப் புறநானூற்றுப் பாடலொன்று கூறுகின்றது. மரலின் இனத்தைச் சேர்ந்ததே சிங்கள மக்கள் 'நியந்த' என்று அழைக்கும் காட்டுச் செடி. ஆங்கிலேயர் இவ்வினத்தை வில்நாண் சணல் என்றனர்; வில்லுக்கு நாணாக முறுக்கத்தக்க வலிமை அதற்கு உண்டு.

வடமொழியில் இதே நாரை மூர்வை என்பர். உபநயனத்தின்போது அணியும் அரைஞாண் பிராமணனுக்கு முஞ்சைப் புல்லாலும், க்ஷத்திரியனுக்கு மூர்வை நாணாலும், வைசியனுக்குச் சணலாலும் ஆதல் வேண்டும் என மனுநூல் விதிக்கின்றது. நான்காம் வருணத்தானுக்கு எந்த நாரும் இல்லை. புல்லிலும் நாரிலும்கூட மனிதரைப் பிரித்து வைத்த சமுதாயம் அது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய பிணியும் அன்று. கற்றாழையின் தாயகமாகிய மெக்சிக்கோவில் அஸ்தெக் மக்கள் அதன் சாற்றைப் புளிக்கவைத்து மது வடித்தனர். முள்ளை ஊசியாகவும் நாரை நூலாகவும் பயன்படுத்தினர். மாயாவெல் என்ற தெய்வமாகவே அச்செடியை வழிபட்டனர். ஆயினும் பருத்தி ஆடை உயர்குடியினருக்கே உரியதென்றும், பொதுமக்கள் கற்றாழை நாராடையே உடுத்தல் வேண்டும் என்றும் அங்கே விதி இருந்தமையை, பதினாறாம் நூற்றாண்டு எசுப்பானியத் துறவியாகிய தியேகோ துரான் எழுதி வைத்துள்ளார். நார் எங்கும் ஒன்றே. அதனை யார் உரிப்பது, யார் உடுப்பது என்பதைத் தீர்மானித்தது அதிகாரம்.

தலை மூடாத பாய்காரர்

கண்டி இராச்சியத்தில் நியந்த நாரை உரித்துப் பாய் நெய்தவர்கள் கின்னரர் எனப்பட்ட மக்கள். ஆங்கிலேய மாலுமியாகிய றொபேட் நொக்ஸ் 1660ஆம் ஆண்டு கண்டி அரசனால் சிறைப்பிடிக்கப்பட்டு, 1679இல் தப்பிச் சென்று, 1681இல் தமது நூலை இலண்டனில் வெளியிட்டார். அதில் அவர் சாதிகளை மேலிருந்து கீழாக அடுக்கிச் செல்கிறார். நெசவாளருக்கும் கூடை முடைவோருக்கும் கீழே, நேர்த்தியான பாய் பின்னும் இம்மக்களை வைக்கிறார். அவர்கள் தொகையிற் சிலரே என்றும், அவர்களுடைய ஆடவர் தலையில் எதனையும் அணியலாகாது என்றும் குறிப்பிடுகிறார்.

இச்சிறு குறிப்பைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரசனுக்கு ஆண்டுதோறும் செலுத்தும் வரியாக இம்மக்கள் கோலப் பாய்களைக் கொண்டுபோய்க் கொடுத்தனர். அன்னமும், யானையும், மானும், நாகமும், தாமரையும் படிப்படியான கட்டங்களாக விழும் பாய்கள் அவை. அவற்றை நெய்த கைகளுக்கு உரியவன், தும்பறை வெயிலில் தன் தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளவும் உரிமையற்றவன். கலைஞன் தாழ்ந்தவன், அவன் ஆக்கிய பொருள் உயர்ந்தது என்ற முரண்பாட்டை நிலமானிய சமுதாயம் எவ்விதக் கூச்சமுமின்றித் தாங்கி நின்றது.

இராசகாரியம் என்ற முறையே அதன் முதுகெலும்பு. நிலத்தை அனுபவிப்பவன் தன் சாதித் தொழிலை அரசனுக்கோ, பிரதானிக்கோ, விகாரைக்கோ ஊழியமாகச் செலுத்தல் வேண்டும். 'பத்த' எனப்படும் தொழிற்பிரிவுகள் வழியாக அரசு அவ்வூழியத்தைப் பெற்றுக்கொண்டது. ஆகவே சாதி என்பது வெறும் மன அழுக்கன்று. அது உழைப்பைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவைக்கும் பொருளாதார ஏற்பாடாகவும் இருந்தது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1832இல், கோல்புறூக் ஆணைக்குழுவை அடுத்து, இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. விகாரை, தேவாலய நிலங்களின் ஊழியமோ நீடித்தது. இவ்வொழிப்பை அடிமைத்தளை அறுத்த கருணைச் செயலாகப் பாடநூல்கள் புகழ்வதுண்டு. மக்கள் பெற்ற விடுதலையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நிலமும் உழைப்பும் சந்தைப் பொருள்களாக மாறவேண்டிய தேவை கோப்பிப் பயிருக்கு இருந்தது என்பதும் உண்மை. 1840இன் தரிசு நிலச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கி விற்க வழி செய்தது. மலைநாட்டுக் காடுகள் கோப்பிக்காக அழிந்தன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்த, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. காட்டின் நிழலில் வளரும் நியந்தவுக்கு இதனால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று. நியந்த அரிதாகவே, பாய் நெய்வோர் கடல் கடந்து வந்த ஹணவை நாடினர். இன்று தும்பறைப் பாயின் நார் பெரும்பாலும் அந்த அமெரிக்கக் கற்றாழைக் குடும்பத்தின் நாரே. 'தூய பழமை' என்று போற்றப்படும் கலைக்குள்ளும் உலக வணிகத்தின் சுவடு படிந்துள்ளது.

நார் பாயாகும் முறை

முற்றிய மடலை அறுத்து, முள் களைந்து, கீறி, சாய்வாக நிறுத்திய மரக்கட்டையின்மேல் வைத்து, மழுங்கிய அலகுள்ள பலகையால் அழுத்தி வழிக்க வேண்டும். பச்சைச் சதை வழிந்தோட, வெள்ளிக் கம்பிபோல் நார் மிஞ்சும். சிசால் மடலின் எடையில் நூற்றுக்கு நான்கு பங்களவே நார் என்பதை அறிந்தால், ஒரு பாய்க்கு எத்தனை மடல்களை வழிக்கவேண்டும் என்பது புலனாகும். மடலின் சாறு தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் உண்டாகும். அச்சாற்றில் சோப்புப்போல் நுரைக்கும் பொருளும், ஊசி வடிவான நுண்படிகங்களும் உள்ளமையே காரணம்.

வழித்த நாரைக் கழுவி, உலர்த்தி, சீவி, சாயம் ஏற்றுவர். சிவப்புக்குச் சப்பங்கிக் கட்டையும், மஞ்சளுக்கு மரமஞ்சளும், கறுப்புக்குக் கடுக்காய் போன்ற துவர்ப்புக் காய்களோடு கருஞ்சேறும் பயன்பட்டன. பின்னர் நிலத்தோடு படுத்திருக்கும் தறியில், நெய்பவர் தரையில் அமர்ந்து, கோலத்துக்குரிய இழைகளைக் குச்சியால் எண்ணி எடுத்து, ஊடையைச் செலுத்திப் பலகையால் அடித்து இறுக்குவர். வரைபடம் எதுவும் முன்னால் இல்லை. கணக்கு முழுவதும் மனத்திலேயே உள்ளது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் இவ்வளவு கணிதத்தை நினைவில் ஏற்றிக் காத்தனர் என்பதைக் கணித ஆசிரியர்கள் தம் மாணவர்க்கு எடுத்துக்கூறலாம்.

இக்கலையை உலகுக்கு அறிவித்தவர்களுள் முதன்மையானவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில், தமிழராகிய சேர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த அவர், கனிப்பொருள் ஆய்வுப் பணிக்காக இந்நாட்டுக் கிராமங்களில் அலைந்தபோது கைவினைகளின் நலிவைக் கண்டார். 1908இல் வெளிவந்த அவரது 'மத்தியகாலச் சிங்களக் கலை' நியந்தப் பாய் நெசவையும் விவரிக்கின்றது. சோசலிஸ்டும் கவிஞருமாகிய வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அந்நூல் அச்சேறியது என்பது நினைவுகூரத்தக்கது. இயந்திர முதலாளித்துவம் கைவினைஞனின் மகிழ்ச்சியைப் பறித்தது என்ற மொறிசின் கருத்தை அவர் ஏற்றுக்கொண்டார். அவருக்கு நாம் பெரிதும் கடன்பட்டுள்ளோம். ஆயினும் முதலாளித்துவத்தின் கொடுமையைக் கண்ட அக்கண்கள், அதற்கு முந்திய நிலமானிய ஒழுங்கை ஓர் இலட்சிய உலகாகவே கண்டன. அரசவையின் ஆதரவில் கைவினைஞன் நிறைவோடு வாழ்ந்தான் என்ற சித்திரத்தில், தலை மூடாத பாய்காரனுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

யுக்கட்டானிலிருந்து தங்கனிக்கா வரை

கண்டியில் ஒரு சிறு சாதியின் கைத்தொழிலாக நின்ற நார், பிற நாடுகளில் பெருமுதலின் வேட்டைப் பொருளாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட அமெரிக்க வயல்களில் கதிர் அறுத்துக் கட்டும் இயந்திரங்கள் பரவின. கதிரைக் கட்ட மலிவான கயிறு வேண்டும். மெக்சிக்கோவின் யுக்கட்டான் பகுதியில் விளைந்த எனகென் என்ற கற்றாழை அதற்கு ஏற்றதாயிற்று. பண்ணைகள் பெருகின. மாயா இனத்து விவசாயிகள் கடனால் கட்டுண்டு பண்ணையடிமைகளாயினர். வடக்கே தம் நிலத்துக்காகப் போராடிய யாக்கி இனத்தவரை தியாஸ் சர்வாதிகார அரசு பிடித்து அங்கே நாடுகடத்தியது. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜோன் கெனத் ரேணர் அக்கொடுமையை நேரில் கண்டு எழுதிய நூல், மெக்சிக்கப் புரட்சி வெடித்த 1910ஆம் ஆண்டில் உலகை உலுக்கியது. அப்பண்ணை நிலங்களைப் பிரித்து உழுவோர்க்களிக்கும் ஆணையை லாசறோ கார்தெனாஸ் அரசு 1937இல் பிறப்பித்தது.

ஆபிரிக்காவின் கதை 1893இல் தொடங்குகின்றது. ஜேர்மன் பயிரியலாளர் இன்டோர்வ் புளோரிடாவிலிருந்து 1,000 சிசால் கன்றுகளை வருவித்தார். ஹம்பேர்க் வழியாகத் தங்கனிக்கா சேர்ந்தபோது உயிரோடிருந்தவை 62. அச்சிறு எண்ணிக்கையிலிருந்து பெருகிய பயிர், 1960களின் நடுவில் ஆண்டுக்கு இரண்டு இலட்சம் தொன்னுக்கு மேல் நார் தந்து, அந்நாட்டை உலகின் முதல் உற்பத்தியாளராக்கியது. தொலைவிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட தொழிலாளரை 'மனம்பா' என்றனர். இலக்கங்கள் என்பது அதன் பொருள். பெயரை இழந்து எண்ணாகிய மனிதர் அவர்கள்.

இதனைப் படிக்கும் மலையகத்தவர் எவருக்கும் தம் முன்னோரின் நினைவு எழாதிருக்க முடியாது. தோட்டத் தொழிலாளியின் கடனை எழுதிய 'துண்டு' இல்லாமல் அவன் ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டம் போக இயலாதிருந்தது. 1921இல்தான் அம்முறை சட்டத்தால் நீங்கியது. எனகெனோ, சிசாலோ, தேயிலையோ, பயிரின் பெயர் மாறினாலும் கடனும் காவலும் மாறவில்லை. பின்னர் பெற்றோலியத்திலிருந்து பிறந்த செயற்கை நார் சந்தைக்கு வந்தபோது கற்றாழை நாரின் விலை வீழ்ந்தது. ஏற்றத்தில் இலாபம் முதலாளிக்குச் சென்றது. இறக்கத்தின் சுமை தொழிலாளியின் தலையில் விழுந்தது.

கலையும் கௌரவமும்

2021ஆம் ஆண்டு, தும்பறை 'ரடா கலால' எனப்படும் கோலப் பாய் நெசவை யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலிற் சேர்த்தது. குண்டசாலையை அடுத்த ஹேனவல போன்ற கிராமங்களில் சில குடும்பங்களே இன்று இத்தொழிலைக் கைக்கொள்கின்றன. பாய், படுக்கை விரிப்பாக அன்றிச் சுவர்த் தொங்கலாகவும், பையாகவும், மேசை விரிப்பாகவும் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பனையாகின்றது.

கலை அழிகின்றது, இளைஞர் விட்டுச் செல்கின்றனர் என்ற புலம்பல் இப்போது எங்கும் கேட்கின்றது. அப்புலம்பலில் நாமும் கண்ணை மூடிக்கொண்டு கலந்துகொள்ளலாகாது. ஒரு தொழிலின் பெயரே சாதியின் பெயராக ஒலிக்கும் சமுதாயத்தில், அத்தொழிலை விட்டு நீங்குவது இழிவிலிருந்து நீங்கும் வழியாகவும் இருக்கின்றது. பறை முழக்க மறுத்த நம் மக்களை நாம் அறிவோம். பட்டணத்தில் எழுதுவினைஞராகவோ, ஆசிரியராகவோ, தாதியாகவோ வேலை தேடும் பாய்காரரின் மகளை, பாரம்பரியத்தைக் கைவிட்டவள் என்று பழிக்க எவருக்கும் உரிமையில்லை. அரசனுக்குக் கட்டாயமாகச் செய்த ஊழியத்தை, இப்போது பண்பாட்டின் பெயரால் செய் என்று சொல்வது புதிய இராசகாரியமே ஆகும்.

அதேவேளை, கலை சாதியோடு ஒழியட்டும் என்று கூறுவதும் தவறு. அன்னத்தையும் யானையையும் எண்ணிக்கையால் எழுப்பிய அறிவை ஆண்டவர்கள் படைக்கவில்லை, உழைத்தவர்கள் படைத்தனர். இழிவை அவர்கள்மேல் சுமத்தியவர் வேறு, அழகை ஆக்கியவர் வேறு. இழிவை ஒழித்து அறிவைக் காப்பதே நம் முன்னுள்ள பணி. அதற்குப் பாராட்டுப் பத்திரம் போதாது. நெய்பவர் உழைப்புக்குத் தக்க விலை வேண்டும்; இடைத்தரகர் கையிலன்றி அவர்களது சொந்தக் கூட்டுறவின் கையில் விற்பனை இருத்தல் வேண்டும்; ஹணவும் நியந்தவும் பயிரிட நிலம் வேண்டும்; பிறப்பு நோக்காது விரும்பிய எவரும் பயிலத்தக்க பாடமாக இந்நெசவு கலைப்பள்ளிகளில் இடம்பெறல் வேண்டும். எல்லோரும் கற்கலாம், எவரும் விட்டுச் செல்லலாம் என்ற நிலை வந்தபோதே ஒரு தொழில் சாதியிலிருந்து விடுபட்டுக் கலையாகின்றது.

கண்டி மன்னர்களின் பெயரையும் ஆட்சியாண்டையும் நம் மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். நரேந்திரசிங்கன் குண்டசாலையில் மாளிகை அமைத்து வாழ்ந்ததை அவர்கள் அறிவர். அம்மன்னனது நாட்டில் அரசர்க்கெனப் பாய் நெய்தவர் வெயிலிலும் தலையை மூட உரிமையற்றிருந்தனர் என்பதையும் அவர்கள் அறிதல் வேண்டும். அதற்குப் பெரிய நூலகம் தேவையில்லை. தும்பறைச் சாலையோரத்தில் பூந்தண்டு ஏந்தி நிற்கும் ஒரு கற்றாழையைக் காட்டி, இதன் நாரை உரித்தவர் யார், அவர் பெற்றது என்ன என்ற இரண்டு வினாக்களைக் கேட்டால் போதும். சரித்திரப் பாடம் அங்கிருந்தே தொடங்கலாம்.